முப்பத்தெட்டு கிலோ

கெசியாவின் எடை முப்பத்தெட்டு கிலோ.
பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தோம்.
"கிலோ பதினாலு ரூபா, போட்டுட்டுப் போறீங்களா?"
என்றார் கடைக்காரர்.
லாரித் தண்ணீர்க் கணக்கில் இரண்டரைக் குடம்.
குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம்,
தளும்பினால் தளும்பட்டும் என்று விடலாம்.
கெசியா தளும்பக் கூடாது.

எட்டு வரை எண்ணுவோம்.
ஒன்றில் அவள் பாதம் எங்கள் உள்ளங்கையில்.
மூன்றில் என் முழங்கால் மடங்கும்.
ஐந்தில் அஃப்ரினும் நானும் ஒரே ஆளாகிவிடுவோம்,
மூச்சுகூட ஒன்றுதான்.
ஏழில் கையை விட்டுப் பறப்பாள்.
எட்டில் மடியில் விழுவாள்.
நடுவில் அவள் முகத்தை
தண்டையார்பேட்டையே பார்க்கும்.
நான் பார்த்தது
கணுக்காலில் ஒரு கொசுக்கடித் தழும்பு,
கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறை.

மைதானம் பையன்களின் ஃபுட்பாலுக்கு.
எங்களுக்குத் தண்ணீர்த்தொட்டி ஓரம்.
மெத்தை கேட்டதற்கு
"ஆண்டுவிழா டான்ஸுக்கு எதுக்கும்மா மெத்தை?"
நர்மதாவின் அண்ணன் கண்டெய்னர் யார்டிலிருந்து
ஏதோ ஒரு நாட்டு ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு வந்த
வெள்ளை நுரைப் பலகைகளைத் தூக்கி வந்தான்.
விழுந்தால் அவை நொறுங்கும்,
எங்களுக்குக் கொஞ்சம் முன்பாக.

துறைமுகப் பக்கம் காற்றடித்தால் மீன்.
மணலிப் பக்கம் அடித்தால் கேஸ், கண்ணெல்லாம் எரியும்.
அப்போதும் சிரிக்க வேண்டும்.
முகத்துக்குப் பத்து மதிப்பெண்.
பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது எளிது,
பல்லைக் காட்டிக்கொண்டு தூக்கிப் பாருங்கள்.

போட்டி விண்ணப்பத்தில் விளையாட்டின் பெயர் கேட்டார்கள்.
கபடி இருந்தது, கோகோ இருந்தது,
கேரம்கூட இருந்தது, உட்கார்ந்தே ஆடுவது.
கடைசியில் 'இதர' என்று ஒரு கோடு.
சியர்லீடிங் என்று எழுதினோம்,
கோடு தாண்டிப் போனது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம்.
நீல நிறத் தரை.
இப்படி ஒரு தரையை நாங்கள் மிதித்ததே இல்லை,
மிதித்தால் அது திருப்பி மிதித்தது.
அதுதான் வினை.
சிமெண்டை உதைத்துப் பழகிய காலால்
அதே உதை உதைத்தோம்.
எட்டில் விழ வேண்டியவள்
ஒன்பதிலும் மேலேயே இருந்தாள்.

எங்களிடம் ஒன்பது கிடையாது.

அஃப்ரின் என்னைப் பார்த்தாள்.
பாட்டு எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது.
பிறகு கெசியா வந்தாள், கோணலாக,
முழங்கையை முன்னால் நீட்டியபடி.
தரையில் பட்டால் ஐந்து போகும்,
பிடித்துவிட்டால் இரண்டுதான்.
பிடித்தேன்.
வாயில் உப்பு.
சிரித்தேன், பத்து மதிப்பெண்ணாயிற்றே.
முன்வரிசை நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பதினொன்றில் ஆறாம் இடம்.
ஸ்டான்லியில் உதட்டுக்கு மூன்று தையல்.
பஸ்ஸில் என் கைக்குட்டையை
கெசியாவே பிடித்துக்கொண்டு வந்தாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
பேசாதே என்றிருந்தார் டாக்டர்,
ஆனாலும் கேட்டேன்:
"ஒம்பதுல என்னா தெரிஞ்சுது?"
மூலக்கொத்தளம் வரை யோசித்தாள்.
"லைட்டு மேல ஒரு புறா.
முட்டை வச்சிருக்குடி, கத்தவேயில்ல.
அப்பறம் உன் வகிடு.
வளைஞ்சி வளைஞ்சி போவுது, யாரு எடுத்துவுட்டா?"

நான்தான்.
கண்ணாடி உடைந்து ஒரு மாதமாயிற்று.

காலை ஐந்தரைக்கு லாரி ஹாரன்.
முதல் குடத்தைக் குனிந்து தூக்கினேன்.
பாரம் ஏறியதும்
வாய் தானாகச் சிரிக்கப் போய்
தையல் சுரீரென்று இழுத்தது.
வரிசையில் பின்னால் நின்ற அக்கா
"காலங்காத்தால என்னாடி சிரிப்பு?" என்றாள்.